குரங்கு டாக்டருக்காக எழுந்து நிற்பதில் ஒரு சிக்கல்

"நீங்க உட்காருங்க, இல்லையில்லை நீங்க உட்காருங்க" என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் யார் எந்த நாற்காலியில் உட்காருவார் என்று ஊருக்கே தெரியுமோ அதே நாற்காலியில் வந்து அமர்ந்துவிட்ட மேடைப் பெரியோர்களே! முன்வரிசையில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரே! ஆராய்ச்சி நிலையத்துத் தோழர்களே! கதவோரம் நின்றுகொண்டு, உள்ளே வருவதா, இப்படியே நழுவிவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

கதவோரத்து நண்பர்கள் வெட்கப்பட வேண்டாம். நானும் அந்த நிலையில்தான் இருக்கிறேன். ஒரே வித்தியாசம், என் கையில் மைக் கொடுத்துவிட்டார்கள்.

பேராசிரியர், முனைவர், காட்டுக் குரங்குகளின் வாழ்வை ஆராய்ந்த மாபெரும் அறிஞர்! அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஊருக்கு அவர் குரங்கு டாக்டர். நிலையத்தில் எங்களுக்கு அக்கா. நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்கா குரங்குகளின் முகத்தைப் பார்த்து ஆராய்ச்சி செய்தார். நான் மறுமுனையில் ஆராய்ச்சி செய்பவன். அதாவது, குரங்கு போட்டுவிட்டுப் போனதைப் பொறுக்கி எடுத்து வந்து, அதில் எந்த ஹார்மோன் எவ்வளவு, கர்ப்பமா, கவலையா என்று கண்டுபிடிப்பேன். "ஒரு பொண்ணோட கவலையைத் தெரிஞ்சுக்க இப்படியும் ஒரு வழியா? வீட்ல இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்கத் தோணலை!" என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

எழுதி வைத்த உரை ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. அழகான உரை. "அன்னாரின் அடிச்சுவட்டில்" என்றெல்லாம் வரும். ஆனால் எனக்கு முன்னால் பேசிய நகராட்சித் தலைவர் என்னைக் குழப்பிவிட்டார். என்ன சொன்னார்? "அம்மையாரின் நினைவைப் போற்றும் வகையில், அவர் உயிராய் நேசித்த மலையடிவாரக் குரங்குகள் அனைத்தையும் பத்திரமாகக் கூண்டில் பிடித்து, தொலைதூரக் காடு ஒன்றில் கொண்டுபோய் விடுவோம். திட்டத்துக்கு அம்மையாரின் பெயரையே சூட்டுவோம்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டலாமா என்று பாதியில் நிறுத்தினீர்கள். நானும் பாதி தட்டினேன். எந்தப் பாதியைத் தட்டினேன், எந்தப் பாதியை விட்டேன் என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு சிக்கல். இம்மாதிரிக் கூட்டங்களின் முறை உங்களுக்குத் தெரியும். கடைசியில் செயலாளர் தீர்மானத்தை வாசிப்பார். நாம் எழுந்து மௌனமாக நிற்போம். நின்றால் ஏகமனதாக நிறைவேறியது என்று பொருள். இன்றைய தீர்மானத்தின் முதல் பத்தியில் அக்கா இருக்கிறார். இரண்டாம் பத்தியில் கூண்டு இருக்கிறது. அக்காவுக்காக எழுந்தால் கூண்டுக்கும் எழுந்ததாகிவிடும். உட்கார்ந்தே இருந்தால் "கூட வேலை பார்த்தவன், எழுந்து நிற்கக்கூட மனசில்லை பார்" என்று நாளைக்கு ஊர் பேசும். நான் என்ன செய்வது? சொல்லுங்கள், என்ன செய்வது? மேடை ஏறும்வரை முடிவு செய்யவில்லை. பேசிக்கொண்டே முடிவு செய்யப் பார்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா யார்? அதிலிருந்து தொடங்குவோம்.

அவர் இங்கே வந்த புதிதில் தினமும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போவார். மங்கிய பச்சை. ஆளை அடையாளம் கண்டுகொண்டு குரங்குகள் பயம் தெளிய வேண்டும் என்பதற்காக. ஊர் சும்மா இருக்குமா? தையற்கடைக்காரரின் மனைவி ஒரு பொட்டலத்தோடு நிலையத்துக்கு வந்துவிட்டார். "பாவம், நல்லாப் படிச்ச பொண்ணு. மாத்திக்க ஒரு துணி இல்லை போல. என் மகளோடதுதான், நல்லாத்தான் இருக்கு." அக்கா மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டு, அந்தச் சிவப்பு உடையை ஒருநாள் உடுத்திக்கொண்டும் போனார். மாதக்கணக்கில் பழகிய குரங்குகள் அவரைப் பார்த்து மரத்துக்கு மரம் தாவி ஓடின. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, மரியாதைக்குப் போட்டேன். மொத்தமும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

எப்பேர்ப்பட்ட பொறுமை! மறுநாளிலிருந்து மறுபடி பச்சை. மறுபடி அதே பாறை. பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குரங்கின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தால் சண்டைக்கு அழைப்பதாக அர்த்தம். இத்தனை வருடம் கண்ணைப் பார்க்காமலேயே ஒவ்வொன்றின் முகத்தையும் அவர் அறிந்து வைத்திருந்தார். யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள், யார் யாருடைய குட்டியைத் தூக்குகிறார்கள், யார் வந்தால் யார் எழுந்து இடம் விடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். நமக்கு மணி ஒன்றாகிவிடும், சாப்பாடு ஆறிவிடும்.

பல் விஷயம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். இந்த இனக் குரங்குகளுக்குப் பல்லைக் காட்டுவது சிரிப்பல்ல. "அடிச்சிடாதீங்க, நான் உங்களுக்கு அடங்கினவன்" என்று பயந்து சொல்வது. கொட்டாவி விடுவது தூக்கமல்ல. "என் கோரைப்பல்லைப் பார்த்தாயா?" என்று மிரட்டுவது. பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். குரங்குகளைக் கண்டதும் குழந்தைபோல் பல்வரிசை முழுக்கத் தெரியச் சிரித்தார். அக்கா மெல்ல, "சார், பல்லை மூடிக்கோங்க" என்றார். அதிகாரி தன் வாழ்நாளில் இந்த வாக்கியத்தைக் கேட்டவரில்லை. மூடிக்கொண்டார். மலை ஏறிய களைப்பு வேறு. கொஞ்ச நேரத்தில் ஒரு கொட்டாவி விட்டார். எங்கள் குரங்குக் கூட்டத்தில் 'சம்பந்தி' என்று ஒரு பெரிய ஆண் உண்டு. எந்தச் சண்டையானாலும் தனக்குச் சேர வேண்டிய மரியாதை சேரவில்லை என்று முறைத்துக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். சம்பந்தி புருவத்தை உயர்த்திக்கொண்டு அதிகாரியை நோக்கி நாலு கால் பாய்ச்சலில் வர, அதிகாரி ஜீப்பின் கூரைமேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. "சார், இப்ப மட்டும் சிரிச்சுடுங்க!" என்று அக்கா கீழேயிருந்து கத்தினார். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் பார்வையிட வரவுமில்லை.

இந்தப் பழக்கத்தால் அக்கா மனிதர்களிடமும் வாயை மூடியே சிரிப்பார். "திமிரு பிடிச்சவ" என்று பேர் வாங்கினார். இங்கே மாலைக்கு நடுவில் இருக்கும் படத்தைப் பாருங்கள். முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. எங்கள் சம்பந்தி இந்தப் படத்தைப் பார்த்தால் "ஐயோ பாவம், யாருக்கோ பயந்துபோயிருக்கிறாள்" என்றுதான் நினைக்கும். எனக்கும் அதுதான் புரியவில்லை. யாருக்குப் பயந்தார்? படத்தைத் தேர்ந்தெடுத்த பெரியக்காவிடம், அதாவது அக்காவின் மூத்த சகோதரியிடம், வாசலில் கேட்டேன். "சந்தோஷமா இருந்தாப்பா, அவ்வளவுதான். எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் வேணுமா உங்களுக்கு?" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

பெரியக்காவைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. இந்தக் குரங்குகளில் ஆண்கள் வயது வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு எங்கோ போய்விடுகிறார்கள். பெண்கள் காலமெல்லாம் தாயோடும் தங்கைகளோடும் இருக்கிறார்கள். தாய்க்கு என்ன மதிப்போ அதுவே மகள்களுக்கும். அதிலும் ஒரு வேடிக்கை. கடைசியாகப் பிறந்த மகள்தான் அக்காமார்கள் அத்தனை பேருக்கும் மேலே போய் உட்காருகிறாள். தாய் எப்போதும் கைக்குழந்தையின் பக்கம். அதனால் தங்கை கீச்சென்று கத்தினால் அக்கா எழுந்து இடம் விட வேண்டும். சாகும்வரை விட வேண்டும். இதை அக்கா ஒருநாள் வீட்டில் விளக்கியிருக்கிறார். மூன்று சகோதரிகளில் இவர் கடைசி. பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெரியக்கா சொன்னாராம்: "அடியே, நம்ம வீட்ல நடந்ததைப் படிக்கத்தான் நீ காட்டுக்குப் போனியா? வீட்லயே இருந்திருக்கலாமே, நானே சொல்லியிருப்பேனே!"

பெரியக்கா சிரிக்கிறார். அழுதுகொண்டேயும் இருக்கிறார். சரி, இரண்டும் இருக்கட்டும்.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். என் குழப்பத்தின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

காய்ச்சல் குறையவே இல்லை. அக்கா படுத்திருந்தபடியே வார்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். "அந்த மூணாவது கட்டில் அம்மாவுக்குத் தலை வாரிவிடுறது யார் தெரியுமா? மக இல்லை, மருமக. மக வந்தா மருமக எழுந்து வெளியே போயிடுறா. கவனிச்சியா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். எனக்கும் இப்படிப்பட்ட சங்கதி என்றால் உயிர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்போது மலையடிவாரத்திலும் ஒரு பெரிய சங்கதி நடந்துகொண்டிருந்தது. எங்கள் குரங்குக் கூட்டம் இரண்டாகப் பிரியத் தொடங்கியிருந்தது. கூட்டம் மிகப் பெருத்துவிட்டால் இப்படி நடப்பதுண்டு. மதிப்பு மிகுந்த குடும்பங்கள் மேலே, நல்ல மரங்கள் இருக்கும் பக்கம். இளைத்த குடும்பங்கள் கீழே, சந்தைக்குப் பின்னால் குப்பை கொட்டும் பக்கம். சந்தைப் பக்கம் வந்த பாதிதான் உங்கள் மாடியில் காயும் துணியை இழுக்கிறது, பேக்கரிக்காரரின் ரொட்டியைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு பிள்ளையைக் கடித்தும்விட்டது. குரங்குத் தொல்லை என்று தலைவர் ஐயா சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அந்த நாட்களில் அக்கா மூன்று பேரிடம் மூன்று விஷயம் சொன்னார்.

பெரியக்காவிடம் சொன்னது: "அதுங்க எங்கயாவது நல்லா இருக்கட்டும்." பெரியக்கா இதைத் தலைவரிடம் சொன்னார். எங்கயாவது என்றால் வேறு ஏதோ காடு என்று இருவருக்கும் பட்டது. அடி வாங்காமல், விஷம் வைக்கப்படாமல், தங்கச்சி வளர்த்த ஜீவன்கள் ஒரு காட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று பெரியக்கா நினைத்தார். அதில் என்ன தப்பு? திட்டம் பிறந்த கதை இதுதான்.

எங்கள் ஆராய்ச்சி மாணவி, வெயிலோ மழையோ தலையிலிருந்து இறங்காத ஒரு தொப்பியால் 'தொப்பி' என்றே பெயர் பெற்றுவிட்டவள், அவளிடம் சொன்னது: "ஒரு நாளும் விடாத. ரெண்டு பக்கமும் போ."

என்னிடம் சொன்னது: "காயுறதுக்குள்ள எடு."

ஆம், நீங்கள் நினைப்பதைத்தான் சொன்னார். இத்தனை கால நட்புக்கு என்னிடம் விட்டுச் சென்ற பொன்மொழி அது! வேறு யாராவது "உன்னைப் போல் ஒருவன் கிடைப்பானா?" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த மூன்றில் எது அவருடைய விருப்பம்? எது காய்ச்சல்? நான் அறிவியல் படித்தவன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒட்டவில்லை. தொப்பியிடம் பேசினேன். "சார், மேடம் என்கிட்ட சொன்னதுதான் உண்மை. அவங்க முழிச்சிருந்தாங்க" என்றாள். பெரியக்காவிடம் பேசினேன். "எங்கிட்ட சொல்லும்போது மட்டும் தூங்கிட்டா இருந்தா?" என்றார்.

அக்கா சொன்னது குழப்புகிறதென்றால், செய்ததைப் பார்க்கலாமா? குரங்கு என்ன நினைக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. என்ன செய்கிறது என்று மட்டும்தான் நாங்கள் பார்க்கிறோம். அக்காவுக்கும் அதே முறையைப் பொருத்திப் பார்த்தேன். கோபித்துக்கொள்ள மாட்டார்.

முன்பு ஒருமுறை, இப்போதைய தலைவர் பதவிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்னால், இதே அடிவாரத்தில் கூண்டு வைத்தார்கள். கூண்டுக்குள் முதலில் வருவது யார்? பயந்தவை வரா. துணிந்தவை வரும். சண்டையை விலக்கிவிடுகிற பெரிய ஆண்கள், முன்னால் நடக்கிற மூத்த பெண்கள். அவர்களைத்தான் வண்டியில் ஏற்றினார்கள். அக்கா தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. பிறகு என்ன செய்தார்? வண்டியிலேயே ஏறிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அக்கா இளைத்திருந்தார். கிண்டல் செய்து பார்த்தேன். "என்னக்கா, அங்கேயே ஒரு கிளை தொடங்கிட்டு வந்திட்டீங்களா?" அப்போதுதான் சொன்னார்: "தம்பி, கதவைத் திறந்து விட்டாங்க. வெளியே வந்து, ஒண்ணும் ஒண்ணைப் பார்க்கலை. ஆளுக்கொரு மரத்தைப் பார்த்து உட்கார்ந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு உறவில்லை பாரு, கையில கிடைச்சதையெல்லாம் சேர்த்துப் பிடிச்சிருக்காங்க. அங்கேயே இருக்கிற கூட்டம் வந்து விரட்டுச்சு. விரட்டி விரட்டி ரோட்டுக்கு வந்திடுச்சுங்க. லாரிக்காரங்க எறியறதைப் பொறுக்கித் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

இங்கே? இங்கே மிச்சமிருந்தவை தங்களுக்குள் கடித்துக்கொண்டன. விலக்கிவிட ஆளில்லையே! காலியான இடத்துக்கு மலையின் மறுபக்கத்துக் கூட்டம் ஒன்று இறங்கி வந்தது. ஊர்க்காரர்களுக்குக் குரங்குத் தொல்லை குறையவில்லை, குரங்குதான் மாறியது. ஒரு குட்டி மின்கம்பத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு தாயைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அக்கா தினமும் போய் அந்தக் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்தார். அவர் குட்டியைத் தொடவில்லை. தொடக்கூடாது என்பது அவர் விதி. எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை, "தூக்கிட்டு வந்திடலாமே அக்கா" என்றேன். "அதுக்கு நான் யாரு?" என்றார். கடைசியில், கூட்டத்தில் யாருமே மதிக்காத ஒரு பெண் குரங்கு, எல்லோருக்கும் இடம் விட்டுவிட்டு ஓரமாகவே உட்காரும் பெண், கம்பத்துக்குக் கீழே வந்து நின்று உதட்டை மெல்லச் சப்புக்கொட்டியது. அந்த இனத்தில் அது 'வா, ஒன்றும் செய்யமாட்டேன்' என்கிற அழைப்பு. குட்டி இறங்கி அதன் வயிற்றைப் பற்றிக்கொண்டது. அக்கா எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இன்று சந்தைப் பக்கம் இறங்கி வந்து உங்கள் துணியை இழுக்கிற பாதி யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெண்ணின் வழிவந்த மகள்கள், பேத்திகள். அவர்களைத்தான் இப்போது அக்காவின் பெயரால் பிடிக்கப் போகிறோம்.

இதைச் சொன்னதும், 'ஆகவே அக்காவின் விருப்பம் தெளிவு!' என்று நான் மேசையைத் தட்டி முடிப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஆசைதான். ஆனால் முடியவில்லையே! அது பழைய அக்கா. கட்டிலில் கிடந்தவர் வேறு ஏதாவது நினைத்திருக்கலாம். மனசு மாறியிருக்கலாம். களைத்துப் போயிருக்கலாம். பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதே என்பதற்காக ஏதோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது. பெரியக்காவுக்கும் தெரியாது. தலைவருக்கு நிச்சயமாகத் தெரியாது. கேட்டுவிடலாம் என்றால், கேட்க வேண்டியவருக்குத்தான் மாலை போட்டு வைத்திருக்கிறோம்.

ஆகையால் அக்காவின் பெயரை இதற்குள் இழுக்காமல் விடுவோம். அக்கா வேண்டும் என்றார், வேண்டாம் என்றார் என்று நாம் யாரும் சொல்ல வேண்டாம். குரங்குகளைப் பிடிப்பதா இல்லையா என்பது உயிரோடிருக்கும் நாம் முடிவு செய்ய வேண்டியது. நம் பெயரிலேயே செய்வோம். தப்பானால் நம் தலையில் விடியட்டும்.

செயலாளர் அவர்களே, ஒரு வேண்டுகோள். தீர்மானத்தின் இரண்டு பத்தியையும் தனித்தனியாக வாசியுங்கள். முதல் பத்திக்கு நிற்போம். பிறகு உட்காருவோம். அப்புறம் இரண்டாவதை வாசியுங்கள், வேண்டுகிறவர்கள் எழுந்து நிற்கட்டும்.

செயலாளர் தலையை ஆட்டுகிறார். அப்படி வழக்கமில்லையாம். வழக்கமில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். குரங்குக் கூட்டமே தேவைப்பட்டால் இரண்டாகப் பிரிகிறது ஐயா, ஒரு தீர்மானம் பிரியக் கூடாதா? தலைவர் ஐயா என்னைப் பார்க்கிறார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. மரியாதைக்காகத்தான்.

கூட்டத்தை முடிக்கும்போது சூளுரைக்க வேண்டும் என்பது முறை. சூளுரைக்கிறேன்! நாளைக் காலை தொப்பி மேற்பாதியைத் தொடர்ந்து மலைமேல் போவாள். சந்தைப் பக்கத்துப் பாதியோடு நான் போவேன். யார் யாரோடு இருக்கிறார்கள், எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று தெரியாமல் ஒரு கூண்டும் அங்கே வைக்கப்படக் கூடாது. தலைவர் ஐயா, நீங்களும் வாருங்கள். கடிபட்ட பிள்ளையின் அப்பாவும் வரட்டும், பேக்கரிக்காரரும் வரட்டும். பார்த்த பிறகும் பிடித்தே ஆக வேண்டும் என்றால், அதை என்னிடமே சொல்லுங்கள். என்ன பதில் சொல்வேன் என்று இப்போது எனக்குத் தெரியாது. குரங்குகளின் முகம் பார்த்துப் பழகியவனல்ல நான், தெரியுமல்லவா? எனக்கு எல்லாம் ஒரே முகமாகத்தான் தெரியும். தொப்பி கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். "சார், உங்களுக்கு லேட்டாத்தான் வரும்" என்றும் சொல்லியிருக்கிறாள்.

செயலாளர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இரண்டு பத்தியையும் சேர்த்தே வாசிப்பார் போலிருக்கிறது. வாசிக்கட்டும். பேசிக்கொண்டே வந்ததில் எனக்கு ஒன்று மட்டும் தெளிந்துவிட்டது.

அக்காவின் பெயர் வரும்போது நான் எழுந்து நிற்பேன். நீங்கள் எல்லோரும் நிற்பதைவிட நேராக நிற்பேன். கூண்டு என்ற சொல் வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். மௌனத்துக்கு நடுவில் நாற்காலி கிரீச்சிடும், மன்னிக்க வேண்டும். என் முழங்காலைப் பற்றித் தெரிந்த நல்லவர்கள் யாராவது "பாவம், வலி தாங்கலை போல" என்று தாங்கிப் பிடிக்க வருவீர்கள். வர வேண்டாம். வலி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உட்காருவது முழங்கால் அல்ல, நான்தான்.

செயலாளர் அவர்களே, வாசிக்கலாம்.